அம்மா டிவியில் பார்த்த மலை

1. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டு டிவியில் ஓடிய சீரியலில், உலகத்தோடு ஒட்டாமல் தனித்து வாழும் ஒரு மலைக்குலத்தின் தலைவர் எல்லைக் கல் ஒன்றைக் காட்டிக் கட்டளை போட்டார். குலத்துப் பெண் வெளியூரில் வாழ்க்கைப்பட்டுக் கர்ப்பமானால், பிள்ளை பிறக்கும்வரை அவளைப் பெற்றவர்கள் அந்தக் கல்லைத் தாண்டி இறங்கக் கூடாது. மீறினால் மலைத்தெய்வம் சும்மா விடாது.

2. அம்மா முறுக்கு மெல்வதை நிறுத்தினார்.

3. அந்த வாரமே என் அண்ணி கௌசல்யாவின் வளைகாப்புக்கு அழைப்பு தொடங்கியது. அம்மாவும் அப்பாவும் தாம்பூலத் தட்டோடு ரயிலில் கும்பகோணம் போனார்கள். திருத்துறைப்பூண்டி போனார்கள். எதிர் வீட்டுக்கும் போனார்கள்.

4. கொல்லிமலைக்குப் போகவில்லை. அங்கேதான் அண்ணியின் பிறந்த வீடு.

5. அண்ணி சாயங்காலங்களில் ஹாலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

எண் போட்டு எழுதியதற்கு மன்னிக்கவும். மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லாவிட்டால் அங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஐந்தில் முதலாவதுக்கும் நான்காவதுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

எங்கள் வீடு, கும்பகோணத்துக்குக் கிழக்கே, குத்தாலத்துக்குப் பக்கம் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் வயல். கண்ணுக்கு எட்டியவரை மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ரயில்வே பாலத்தின் ஏற்றம்தான். இங்கே வளர்ந்தவர்களுக்கு மலை என்பது டிவியில் வருவது.

அண்ணனும் அண்ணியும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். காதல். கல்யாணமும் திருச்சியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. அண்ணியின் பெற்றோர் வந்தார்கள், ஓரமாக நின்றார்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அண்ணன் இப்போது சிங்கப்பூரில். அம்மாவுக்கோ டவுன் பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றல். மருமகள் ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

இந்த நிலையில்தான் அந்த சீரியல் வந்தது. புலிப்பல் மாலை, இலைக் கிரீடம், பேசுவதற்கு முன்னால் கோலைத் தரையில் தட்டும் தலைவர்... அம்மா ஒரு நாள் விடாமல் பார்த்தார். நாங்கள் பொழுதுபோக்கு என்று நினைத்தோம். அம்மாவுக்கு அது பாடம்!

எங்கள் பக்கத்து முறையையும் சொல்லிவிடுகிறேன். வளைகாப்பில் முதல் வளையல் பெண்ணைப் பெற்றவள் கையால்தான் ஏறும். அது முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அதற்கு மாப்பிள்ளை வீட்டார் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். போனில் சொன்னால் அது அழைப்பில் சேராது.

அண்ணியின் அம்மா தினமும் போன் செய்வார். அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவார். "இன்னும் வரலைம்மா... வருவாங்க" என்பது மட்டும் என் காதில் விழும்.

எதிர் வீட்டு சரோஜா பெரியம்மா எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் கேட்டார். "ஏன் ராஜி, ஊரெல்லாம் தட்டு போவுது. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் போவலையா? மலை ஏற பயமா?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவங்க வழக்கம் வேறக்கா. கூப்புட வேணாம்னு இருக்கேன். அம்மா முறைக்கு என் தங்கச்சியையே நிக்கச் சொல்லிட்டேன்."

"அப்போ பிரசவம்?"

"இங்கேயேதான்."

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி இதைக் கேட்டார். நானும் கேட்டேன். அண்ணி கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அப்படி ஒரு கோபம். சாதியும் பவுசும் பார்க்கிற ஆள் என் அம்மா இல்லை என்று தோழிகளிடம் பெருமையடித்தவள் நான். அம்மாவிடம் கேட்பதற்கு நான்கு பாயின்ட் தயார் செய்து வைத்தேன். நான்கும் கூர்மையானவை. ஒன்றைக்கூட உபயோகிக்க வாய்ப்பு வரவில்லை.

அடுத்த நாள் சீரியலில் அந்த மலைக்குலப் பெண் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள். அந்தப் பக்கம் அவளுடைய அம்மா. நடுவில் புகை. அம்மா மூக்கை உறிஞ்சியபடி, "கௌசி, இங்க வாம்மா" என்று அண்ணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மாவும் இப்படித்தான் தவிச்சிக்கிட்டிருப்பாங்க. வரவும் முடியாம, இருக்கவும் முடியாம..."

அண்ணி கையை விடுவித்துக்கொண்டார். "எங்கம்மா ஏன் அத்தை வர முடியாது?"

"அதான்... தாண்டக் கூடாதே."

"எதைத் தாண்டக் கூடாது?"

"அந்தக் கல்லைத்தான்."

"எந்தக் கல்லை?"

அம்மா டிவியைக் காட்டினார். அதற்குள் அங்கே விளம்பரம் வந்துவிட்டது. ஒரு சலவை சோப்பைச் சுட்டியபடி அம்மாவின் விரல் அப்படியே நின்றது.

"நீங்க கூப்புடலைன்னுதான் அத்தை அவங்க வரல" என்றார் அண்ணி. "எங்க ஆளுங்க இங்க வந்து நின்னா உங்களுக்குக் கவுரவக் குறைச்சல்னு நெனச்சேன். அதான் வாயே தொறக்கல."

"அய்யோ, சாமி குத்தம் ஆயிடும்னு பயந்தேண்டி! புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்ட இதைப் பேசக் கூடாதுன்னு நான் வாயத் தொறக்கல!"

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அத்தை... எங்க மலையடிவாரத்துல இருக்குறது செக்போஸ்ட்டு. பிளாஸ்டிக் கவர் இருக்கான்னு பாத்துட்டு விட்டுடுவாங்க."

விளம்பரம் முடிந்து தலைவர் கோலைத் தட்டினார். அம்மா டிவியை அணைத்தார். அந்த சீரியலைப் பாதியில் அணைத்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குக் காலைல காருக்குச் சொல்லுங்க" என்றார் அப்பாவிடம்.

"உனக்குத் தலை சுத்துமே?"

"சுத்தட்டும்."

சித்தியை அண்ணிக்குத் துணை வைத்துவிட்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். நேரில் போய்ச் சொல்லும்வரை ஊருக்குப் போன் போட வேண்டாம் என்று அண்ணியிடம் அம்மா கேட்டுக்கொண்டார். அம்மா மடியில் தட்டு, கையில் எலுமிச்சம்பழம். செக்போஸ்ட்டில், தட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வளைவுகள் தொடங்கின. வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்த வேண்டியிருந்தது. காரணத்தை எழுதினால் அம்மா என்னோடு பேச மாட்டார்.

மேலே போனதும் அம்மா ஜன்னல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு சரிவுகளுக்கு நடுவே படிப்படியாக வயல். புதிதாக நட்ட நெல்!

"மலையில நடவா?" அம்மாவால் நம்ப முடியவில்லை. "இவ சொல்லவே இல்லையே!"

"யாரு கேட்டா?" என்றார் அப்பா.

அண்ணியின் அம்மா வாசலுக்கு வந்தார். "வாங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "வளகாப்பு முடிஞ்சிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

எத்தனை நாளாக, மகளிடமும் கேட்காமல், அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாரோ...

அம்மா தட்டைக்கூட எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சீரியல், தலைவர், கல், தெய்வக்குத்தம் எதையும் மறைக்கவில்லை. அண்ணியின் அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். சிரிப்புச் சத்தம் அங்கிருந்து கேட்டது. அண்ணியின் அம்மா சிரிக்கவில்லை.

"அந்த நாடகத்த நாங்களுந்தான் பாக்கறோம் சம்பந்தி. அது எந்த ஊரு மலைன்னு எங்களுக்கே தெரியல" என்றார். பிறகு மெதுவாக, "எம் பொண்ணு உங்க வூட்டுலதானே இருக்கா? அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும் சம்பந்தி. தப்புதான்" என்றார் அம்மா.

அதன்பிறகுதான் தட்டு கை மாறியது. அண்ணியின் அப்பா திரும்பி வந்து, எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று என் அப்பாவிடம் விசாரித்தார். இரண்டு பேரும் வயல் பக்கம் நடந்தார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார். பயிரைக் குனிந்து பார்த்தார். அப்புறம் தலைசுற்றல் எங்கே?

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. புண்படுத்திவிடக் கூடாது என்று எத்தனை கேள்விகளை நாம் கேட்காமல் விடுகிறோம்? மரியாதை என்றுதான் அதற்குப் பெயர் வைக்கிறோம். கேட்கப்படாதவருக்கோ அது கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. அண்ணி எங்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார், ஒரே குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறார். ஆனால் அவர் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள நாங்கள் ரிமோட்டைத் தேடியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணியிடம் கேட்ட முதல் கேள்வி: "உனக்கு நடவு நடத் தெரியுமாடி?"

"நல்லாவே தெரியும் அத்தை."

"சொல்லியிருக்க வேணாம்?"

அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இன்றைய நிலவரம்: வளைகாப்பு வரும் வெள்ளிக்கிழமை. கொல்லிமலையிலிருந்து ஒரு வேன் வருகிறது. முதல் வளையல் அண்ணியின் அம்மா கையால். டாக்டர் சரி சொல்லிவிட்டார், பிரசவம் தாய்வீட்டில்தான். சித்திக்கு இரண்டாவது வளையல், கொஞ்சம் வருத்தம். சீரியலில் அந்தப் பெண் இன்னும் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று அழுதுகொண்டிருக்கிறாள். அவளை யாரும் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.