முதலியோர்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வைத்தவன் நான்தான். அரசாங்கத்தின் இணையச் சேவைகளுக்கு முதல் பக்கம் அமைப்பது அவள் வேலை. அமைத்ததை அமுக்கிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. குறை சொல்ல எனக்குச் சம்பளமே தேவையில்லை என்று என் மனைவி சொல்வாள், அது வேறு விஷயம்.

கத்தரி வாக்கியங்களை வெட்டுவாள். 'மேற்படி', 'இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' எல்லாம் அவள் கண்ணில் பட்டால் தீர்ந்தது. "போன்ல முதல் பக்கம்னா உள்ளங்கை அளவு எடம்ணா. படிக்கறவருக்கு அதுல தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இது எனக்கா, இல்லையா?" என்பாள். சொல்லும்போது அந்த உள்ளங்கையை என் மூக்கருகே நீட்டாமல் இருக்க மாட்டாள்.

அவளுக்கு மிகவும் பெருமை, பராமரிப்போர் உதவித்தொகைப் பக்கத்தில்தான். படுக்கையில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு அரசு மாதாமாதம் தரும் தொகை அது. யார் கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு பத்தி இருந்தது. படித்தால் மூச்சு முட்டும். அவள் அதை ஒரே வரியாக்கினாள்: 'பெற்றோர், கணவர், மனைவி, மகன், மகள் முதலியோர் விண்ணப்பிக்கலாம்.' நான்கூடக் குறை சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த வரி அப்படியே இருந்தது.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். எல்லாப் பக்கத்தின் தலையிலும் தன் படமும் வரவேற்புரையும் வேண்டும் என்றார். கத்தரிக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் படம் ஏறிய உதவித்தொகைப் பக்கத்தை மக்களிடமே காட்டி, அவர்கள் தடுமாறுவதை எழுதிக் கொடுத்து, அந்த மனுஷர் வாயை அடைப்பது என்று இருவரும் முடிவு செய்தோம். கீழ்த்தளத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களில் நாலு பேரைப் பிடித்துவருவது என் பொறுப்பு.

முதலில் வந்தவர் ஒரு கடைக்காரர். 'தொடங்கும் முன் அடையாள அட்டையையும் மருத்துவச் சான்றையும் கையில் வைத்துக்கொள்ளவும்' என்று வாய்விட்டுப் படித்தார். பையைத் துழாவி, இருந்த காகிதங்களையெல்லாம் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "இப்ப எதால அமுக்கறது?" என்று கேட்டார். கத்தரி சிரிக்காமல் 'கையில்' என்பதைப் 'பக்கத்தில்' என்று மாற்றினாள். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் வெல்டர். சட்டை முழுக்கப் பொறி பட்ட பொத்தல்கள். விரல் நுனி காய்த்துப்போயிருந்ததால், இரண்டு முறை தொட்டால் ஒரு முறைதான் போன் அவரை மதித்தது. இயக்குநரின் படத்தை ஈ விரட்டுவதுபோல் தள்ளிவிட்டார். எனக்கு ஏக குஷி, உடனே குறித்துக்கொண்டேன். அடுத்து அந்த ஒற்றை வரியைப் படித்தார். போனை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இது நமக்கில்ல மேடம்."

"வீட்டுல யாரையாவது பாத்துக்கறீங்களா சார்?" என்றாள் கத்தரி.

"எங்க அண்ணிய. விழுந்து இடுப்பு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அண்ணன் அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. போன வருஷமே இந்தப் பக்கத்தப் பாத்தேன். படிச்சிட்டு மூடிட்டேன்."

"ஏன் மூடினீங்க?"

"கொழுந்தன்னு போடலையே."

"முதலியோர்னு போட்டிருக்கே சார்."

"அது சும்மா எழுதறதுதானே மேடம், வாக்கியத்த முடிக்கறதுக்கு."

கத்தரியின் முகம் செத்துப்போனது. காரணம் எனக்குத் தெரியும். சட்டத்தின் அந்தப் பத்தி, 'மற்றும் உடன் வசித்துப் பார்த்துக்கொள்ளும் எவரும்' என்று முடிந்திருந்தது. அந்த வாலைத்தான் அவள் நறுக்கி 'முதலியோர்' ஆக்கியிருந்தாள். உள்ளே வந்து விண்ணப்பித்தவர்களைத்தான் எங்கள் புள்ளிவிவரம் எண்ணும். வாசலிலேயே திரும்பிப் போனவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?" அவள் குரல் இறங்கியிருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். "குடும்ப அட்டையிலேருந்து அண்ணி பேர எடுக்கணும். நாளைக்கு ஹோம்ல சேக்கறோம். பேர எடுத்துட்டுத்தான் வரணும்னுட்டாங்க. நானும் வீட்டுக்காரியும் வேலைக்குப் போயிடறோம், பகல்ல பாத்துக்க ஆள் வைக்க வசதியில்ல."

"அவங்களுக்கு இஷ்டமா?" என்று நான் மூக்கை நுழைத்தேன்.

"சரிப்பான்னாங்க." பாரத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "சீப்ப மறக்காம எடுத்து வைங்கன்னாங்க. நேத்தே பைய கட்டியாச்சு."

ஒலிபெருக்கி எண்பத்து நாலு என்றது. அவர் எண் அதுதான். எழுந்தார்.

"உக்காருங்க சார்," என்றாள் கத்தரி. "அந்த வரிய எழுதினது நான்தான். அந்த முதலியோர்ல நீங்க இருக்கீங்க. போன வருஷமும் இருந்தீங்க. அழகா இருக்கணும்னு நான்தான் உங்கள வெட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

நானாக இருந்தால் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். அவர் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்தத் தொகை எங்களுக்கும் வருமா? வந்தா பகலுக்கு ஒரு ஆள் வெச்சுடுவேனே."

"வரும். சட்டத்துலயே இருக்கு. ஆனா அவங்க பேர எடுக்கவே கூடாது. எடுத்துட்டா, உங்களோட வசிக்கறவர் இல்லன்னு ஆயிடும். இங்கயே உக்காந்து விண்ணப்பிச்சிடலாம்."

ஒலிபெருக்கி எண்பத்து நாலை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டது. பிறகு எண்பத்தைந்துக்குப் போனது. அவர் பாரத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அன்று லீவு போட்டு வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் செய்தார்.

"அண்ணிகிட்ட குடு... அண்ணி, அந்தப் பையப் பிரிக்கச் சொல்லுங்க. ஆமா. நெஜமாத்தான். எங்கயும் போக வேணாம்." அதற்கப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். இம்முறை சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது அவர்.

அவர் விண்ணப்பித்துவிட்டுப் போன பிறகு, கத்தரி தான் செய்த பக்கங்களிலெல்லாம் 'முதலியோர்' என்று தேடினாள். பதினேழு பக்கங்களில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீ குடிக்கக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

சாயங்காலம் இயக்குநர் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா, என் படத்தக் காணோம்?"

"கீழ இருக்கு சார். உருட்டினா வரும்."

"அந்த எடத்துல என்ன வருது?"

"உறவுமுறை சார். ஒவ்வொண்ணா எழுதறேன்."

"முதலியோர்னு போட்டா ஒரே வார்த்தையில முடிஞ்சிடுமே. வெட்டறதுல நீ கெட்டிக்காரின்னாங்க?"

"முடிஞ்சிடும் சார்," என்றாள் அவள், திரும்பாமலே.

இயக்குநர் குனிந்து திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாத்தனாருக்கும் மருமகளுக்கும் முன்னால், பட்டியலின் தலையில், 'கொழுந்தன்' என்று இருந்தது.