எங்கள் பதினேழாம் நம்பர்

பேஸ்பால் என்றால் அமெரிக்காக்காரர்கள் அடுத்த வீட்டு ஜன்னலை உடைப்பதற்காகக் கண்டுபிடித்த விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் கணவருக்கு அந்த அளவுகூடத் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் இருந்தது. "கிரிக்கெட் வராதவன் ஆடுறது" என்பார். திருச்சியில் கல்லூரி டீமில் இருந்தவர் அவர். அதாவது, மூன்று வருடம் தண்ணீர் கொண்டுபோனவர். இப்போது அஜ்மானிலிருந்து தினமும் பஸ்ஸில் துபாய்க்குப் போய், கட்டடங்களுக்கு ஏசி டிசைன் போடுகிறார்.

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். சைட்டிலிருந்து வரும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் நம்பர் போட்டு, யாரும் கேட்காதவரை பத்திரமாக வைத்திருந்து, கேட்கும்போது தொலைத்துவிட்டுத் தேடுவது என் வேலை. துபாயில் பேஸ்பால் ஆட ஒரு மைதானத்தைத் தயார் செய்தபோது வடிகால் வேலையை எங்கள் கம்பெனி எடுத்தது. வருடத்தில் நாலு நாள் மழை பெய்கிற ஊரில் எங்கள் வடிகால் மிக நன்றாக வேலை செய்தது. அதற்கு நன்றியாக, சீசன் முழுவதற்கும் நாலு இலவச பாஸ் வந்தது. ஆபீஸில் ஒருவரும் சீந்தவில்லை. எகிப்துக்காரர் ஃபுட்பால் என்றார், பிலிப்பினோப் பெண் பாஸ்கெட்பால் என்றாள், மலையாளி மேனேஜர் "சேச்சி கொண்டு போய்க்கோ" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அப்படித்தான் ஒரு டிசம்பர் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலு பேர் அங்கே போய் உட்கார்ந்தோம். நான், கணவர், பதினாலு வயது மகள், எதிர் ஃபிளாட் அக்கா. அக்கா ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். வளைகுடாவுக்கு வந்து பதினாறு வருடமாகியும் அவர் பேச்சில் ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை. விளையாட்டில் ஆர்வம் எல்லாம் கிடையாது. வெளியே போகலாம் என்று யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்.

முதல் ஒரு மணி நேரம் என் கணவர் வாயை மூடவில்லை. "என்ன இது, கையுறை போட்டுக்கிட்டு கேட்ச் பிடிக்கிறான்? குழந்தைகூடப் பிடிக்கும்." "இவ்வளவு நேரத்துல நம்மாளு ஐம்பது அடிச்சிருப்பான்." எங்கள் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு இடம் தேடிப் போனார்கள்.

அப்போதுதான் அடித்த பந்து ஒன்று கோட்டுக்கு வெளியே எகிறி, நேராக எங்களைப் பார்த்து வந்தது. மகள் குனிந்தாள். நான் அக்காவின் பின்னால் ஒளிந்தேன். என் கணவர் எழுந்து, வெறுங்கையால் பந்தைப் பிடித்துவிட்டார். கூட்டம் முழுவதும் கைதட்டியது. பெரிய திரையில் அவர் முகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பன்னிரண்டாவது ஆள் கேட்ச் எடுத்துவிட்டார். அந்த வேகத்தில், கிரிக்கெட்டில் செய்வதுபோல, பந்தை மைதானத்துக்குள் திருப்பி எறிந்தார்.

ஸ்டேடியமே "ஓ..." என்று இழுத்தது.

"அப்பா! கீப் பண்ணணும்ப்பா! பேஸ்பால்ல பந்து நமக்குத்தான். யூ ஆர் சோ எம்பாரஸிங்!" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பந்து உருண்டுபோய், எங்கள் பக்கத்து ஓரத்தில் நின்ற வீரனின் காலடியில் நின்றது. நீலச் சட்டை, பதினேழாம் நம்பர். இருபது வயதுகூட இருக்காது. எலும்பும் தோலுமாக உயரம், சுருட்டை முடி. அவன் பந்தை எடுத்துப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே வேலிவரை ஓடி வந்து, என் கணவரின் கையில் பந்தை வைத்தான். அதோடு நிற்காமல், வீங்கத் தொடங்கியிருந்த அந்த உள்ளங்கையைப் பார்த்து உதட்டைக் குவித்து ஊதினான். குழந்தைக்கு அடிபட்டால் ஊதுவோமே, அதேபோல்.

"யாருங்க இந்தப் பையன்?" என்றேன்.

"சவத்த, நம்ம ஊரு பயலாட்டுல்லா இருக்கான்!" என்றார் அக்கா. "நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிப்பாட்டினா, தெங்கம்புதூர் பஸ் போயிட்டான்னு இவன்கிட்ட கேப்பாவ."

வடசேரி இல்லை, கரீபியன் கடலில் ஒரு தீவு என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். பையனுக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. அது அக்காவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்று அவன் ஒரு ஹோம் ரன் அடித்தான். பந்து வேலியைத் தாண்டிப் போனது எங்களுக்கும் புரிந்தது. "சிக்ஸ்! சிக்ஸ்!" என்று என் கணவர் வீங்கிய கையால் தட்டிவிட்டு வலியில் கத்தினார். இரண்டு நாள் கழித்து, போனில் பேஸ்பால் விதிகள் பற்றிய வீடியோவை அவர் ஒளித்து ஒளித்துப் பார்ப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். வேறு ஏதோ என்று சந்தேகப்பட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அக்கா, தன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் நாள் லீவைக்கூட ஒரு சனிக்கிழமைக்காகக் கொடுத்துவிட்டார். கணவர் நீலச் சட்டை வாங்கினார். அவருடைய வயிற்றில் பதினேழு என்ற எண் எழுபதுபோலப் பரந்து தெரிந்தது. நாங்கள் நால்வரும் அவன் நிற்கிற ஓரத்து வேலிக்கு அருகேதான் உட்காருவோம். அவன் ஓடி வந்து தன் இடத்தில் நின்றதும் அக்கா முழுக்குரலில் கேட்பார்: "மக்கா, சாப்ட்டியா?"

அவன் தொப்பியைத் தூக்குவான். அது ஏதோ உற்சாகக் கோஷம் என்று நினைத்திருக்கிறான். நாலாவது வாரம் பக்கத்தில் இருந்த பிலிப்பினோ குடும்பமும், இரண்டு ஜப்பான்காரர்களும், ஒரு பஞ்சாபி டாக்ஸி டிரைவரும் சேர்ந்து "சாப்ட்டியா! சாப்ட்டியா!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். ஒருநாள் எதிர் டீமின் பந்தைத் தாவிப் பிடித்துவிட்டு, அவனே எங்களைப் பார்த்து மார்பில் அடித்து "சாப்ட்டியா!" என்று கர்ஜித்தான். நாங்கள் சாப்பிட்டிருந்தோம்.

அவன் சாப்பிடவில்லை என்பதுதான் அக்காவின் தீர்மானம். "எலும்பு எண்ணலாம் மக்களே" என்று என்னிடம் புலம்புவார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் பையைச் சோதிப்பார்கள். அக்கா மருந்து டப்பாவில் முந்திரிக்கொத்து கொண்டுவந்தார். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து உருட்டிப் பொரித்த உருண்டை. செக்யூரிட்டி திறந்து பார்த்து "யே கியா ஹை?" என்று கேட்க, அக்கா கண்ணிமைக்காமல் "ஆயுர்வேதிக்" என்றார்.

ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது வேலியோரம் வந்தவனிடம் அதை நீட்டினார். அவன் உருண்டையைப் பார்த்து, பந்து என்று நினைத்து, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனான். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயைக் காட்டினோம். கடித்தான். மென்றான். முகம் மாறியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் மீதி மூன்றையும் வாங்கி, இரண்டை வாய்க்குள்ளும் ஒன்றைக் கையுறைக்குள்ளும் போட்டுக்கொண்டு ஓடினான். பின்னால் கோச் ஏதோ கத்தினார். அந்தக் கோச்சை அக்காவுக்கு அன்றிலிருந்து பிடிக்காமல் போனது.

ஜனவரியில் அவனுக்குக் கெட்ட காலம் வந்தது. மட்டையை வீசுவான், பந்து படாது. வீசுவான், படாது. மூன்று முறை தவறினால் வெளியே. ஐந்து ஆட்டம் இப்படியே போயிற்று. எங்கள் பின்வரிசையில் நாச்சோஸ் தட்டோடு ஒரு வெள்ளைக்காரர், "அனுப்புங்கடா அவனை ஊருக்கு!" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே இருந்தார். என் கணவர் பல்லைக் கடித்தார். அக்கா நிதானமாகத் திரும்பினார்.

"ஹலோ மிஸ்டர். யுவர் ஃபேஸ் வெரி ரெட். பிபி செக் பண்ணியாச்சா?"

அவர் திகைத்துப் போனார். "யூ ஆர் எ டாக்டர்?"

"நர்ஸ். டெய்லி ஐ சீ லைக் திஸ். தே கம் ஷவுட்டிங், தே கோ சைலன்ட்."

அந்த மனிதர் கையை நீட்டினார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடித்து, ஒரு நிமிடம் வேண்டுமென்றே கவலைப்பட்டுவிட்டு, நாச்சோஸைத் தள்ளிவைக்கச் சொன்னார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. "நிஜமாவே பிபி இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? வாச்சு ஓடவே இல்லல்லா" என்றார்.

அரையிறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. அக்காவுக்குக் காலை டியூட்டி. வேலை முடிந்து உடை மாற்றக்கூட நேரமில்லாமல் வெள்ளை யூனிஃபார்மோடு ஓடி வந்தார். கடைசிச் சுற்றில் எங்கள் டீம் ஒரு ரன் முன்னால் இருந்தது. இன்னும் ஒரே ஒருவரை அவுட் ஆக்கினால் இறுதிப் போட்டி. எதிராளி அடித்த பந்து உயர எழுந்து, நிதானமாக, பதினேழாம் நம்பரைத் தேடி வந்தது.

"முடிஞ்சுது! இதை நானே பிடிப்பேன்" என்று என் கணவர் எழுந்து நின்றார்.

சாயங்கால வெயில் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. அவன் ஒரு கையால் மறைத்தபடி பின்னால் நகர்ந்தான், முன்னால் வந்தான். பந்து கையுறையின் விளிம்பில் பட்டுத் தெறித்துப் புல்லில் விழுந்தது. அவன் தேடி எடுப்பதற்குள், ஏற்கெனவே பேஸ்களில் காத்து நின்ற எதிர் டீமின் இரண்டு பேர் ஓடி முடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். கலாஸ். அவர்கள் துள்ளிக் குதித்தார்கள். எங்கள் பையன் பந்து விழுந்த இடத்திலேயே மண்டியிட்டு முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டான்.

என் கணவர் மெதுவாக உட்கார்ந்து, "நானும் விட்டிருப்பேன்" என்றார். திருமணமாகிப் பதினெட்டு வருடத்தில் கிரிக்கெட்டையோ தன்னையோ அவர் விட்டுக்கொடுத்து நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்குக் கிளம்ப யாருக்கும் மனம் வரவில்லை. வீரர்கள் பஸ் ஏறும் பின்வாசலில் போய் நின்றோம். ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கடைசியில் அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, வீடியோவில் யாரிடமோ மூக்கை உறிஞ்சியபடி பேசிக்கொண்டிருந்தான். திரையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண். அம்மா என்று சொல்ல ஸ்பானிஷ் தேவைப்படவில்லை.

அக்கா நேராகப் போய் அவன் தோளைப் பிடித்தார். "அழாத மக்கா. ஒரு பந்துதானே, சவத்த விடு." பிறகு அம்மாவுக்கும் ஆறுதல் சொல்லலாம் என்று போனுக்குள் தலையை நீட்டினார்.

மகன் அழுகிறான். பக்கத்தில் வெள்ளை யூனிஃபார்மில் ஒரு நர்ஸ், கவலையான முகத்தோடு. அந்தத் தாய் போட்ட அலறலில் பஸ் டிரைவர் இறங்கி வந்துவிட்டார். திரையில் அண்டை வீட்டார், இரண்டு கிழவர்கள், ஒரு நாய் எல்லாரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நோ ஹாஸ்பிடல்! நோ ஹாஸ்பிடல்!" என்று அக்கா கத்தினார். ஹாஸ்பிடல் என்ற சொல் மட்டும்தான் அங்கே புரிந்தது. அலறல் இன்னும் கூடியது. மகள் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து எதையோ தட்டினாள். அது ஸ்பானிஷில் பேசியதும் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "என்னடி சொன்னே?" என்றேன். "ஹி லாஸ்ட் த பால்னுதாம்மா போட்டேன்" என்றாள். அந்த இயந்திரம் அதை எப்படிச் சொன்னதோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பையன் முதலில் விழித்தான். அப்புறம் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அம்மாவுக்கு விளக்கம் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் அந்த அம்மாவும் சிரித்து, அக்காவைப் பார்த்துத் தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா, ஆமா, நீங்க சொல்லுகது செரிதான்" என்று தலையாட்டினார்.

காரில் வரும்போது, "என்னக்கா சொன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணும் வெளங்கல. ஆனா நான் எம் பயலுக்க ஹாஸ்டல் வார்டனுக்கு போன் பண்ணி சொல்லுகது மாதிரியே இருந்துது" என்றார். அவர் மகன் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவனை நாலு வயதில் விட்டுவிட்டு வந்தவர். ஷார்ஜா டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்றோம்.

மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சின்ன டீம் அவனை எடுத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. அதற்குள் அவன் போயே போய்விட்டான். "ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்று என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவனுக்கு நாம் யார், நம் போன் நம்பர்கூடத் தெரியாதே என்றேன். "இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுலயாவது சொல்லிருக்கலாம்" என்றார். வடசேரி பஸ் ஸ்டாண்டா என்று நான் கேட்கவில்லை.

அங்கே அவர்கள் ராத்திரி ஆடுவது இங்கே நமக்கு விடிந்த பிறகு. அதனால் இப்போது அவர் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் போனைப் பார்த்தபடி போகிறார். போன மாதம் ஒருநாள் அவன் அங்கே முதல் ஹோம் ரன் அடித்தபோது, பஸ்ஸுக்குள் எழுந்து நின்று கத்திவிட்டார். பக்கத்து சீட்டு பங்களாதேஷ்காரர் பதறிப்போய், "கியா ஹுவா பாய்?" என்றாராம்.

"ஹமாரா லட்கா! ஹோம் ரன்!" எங்கள் பையன் என்றாராம் இவர்.

"அச்சா! இண்டியா கா லட்கா?"

என் கணவர் ஒரு கணம் யோசித்தாராம்.

"நஹி பாய். அஜ்மான் கா."

அந்த மனிதரும் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல பையன் என்றாராம். அப்படியே பேசிக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டார். ஆபீஸுக்கு நாற்பது நிமிடம் லேட். அதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.