துண்டு போட்ட ஸ்டேக்

"…அதில்ல, இதெ நீங்க இனி ஒவ்வொரு நாளும் செய்வீங்களா, இல்லாட்டி இன்னைக்கு மட்டும் ஒரு வெளாட்டா? அதெ மட்டும் செல்லுங்க," என்றாள் என் மனைவி.

அவள் வலது கை தாச்சியின், அதாவது இரும்பு வாணலியின், ஓரத்தில் நின்றுவிட்டது. விரல்களுக்கிடையில் ஒரு துண்டு இறைச்சியும் ஒரு போஞ்சிக்காயும். வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை. மகனும் மகளும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கேள்வி இறைச்சியைப் பற்றியது மட்டுமல்ல என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டும்.

என் மனைவிக்குப் பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பவள். ஒரு நூல் பிசகியிருந்தாலும் அவள் கண் போய் அங்கேதான் நிற்கும். வீட்டிலும் அப்படித்தான், என் சட்டைக் கொலரைப் பார்த்தே நான் மத்தியானம் எங்கே சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாள். அவளைச் சூப்பர்வைசராகப் போட நினைக்கிறோம், யோசித்துச் சொல் என்று ஒரு வாரத்துக்கு முன் மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். இந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலைக்குள் பதில் வேண்டும். ஒரே ஒரு சங்கடம்: இப்போது ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பவள், அந்த வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிசி களைந்தபடி, "ராச்சாப்பாட்டுக்கு ஆரு பதில் செல்றது?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய பேச்சு எப்போதும் இப்படித்தான். ஆம், இல்லை என்று சொல்லமாட்டாள், கேள்வியைக் கழுவி நம் முன்னால் வைத்துவிட்டுப் போவாள்.

ஆனால் அவளுக்கு அந்த வேலையில் ஆசை இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்த ஒரு வாரமும் குசினியில் அவள் சட்டி பானைகளுக்குச் சிங்களத்தில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். "நங்கி, மேக்க ஆயெத் பலன்ன," என்று பருப்புச் சட்டியிடம் சொல்வது எனக்குக் கேட்டது. தங்கச்சி, இதைத் திரும்பப் பார் என்று. பருப்பு அடிபிடித்திருந்தது. யார் குற்றம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு ராச்சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் கண்டி டவுனில் திரைச்சீலைத் துணிக்கடை. மகன் ஒரு பார்மசியில் வேலைக்கு நிற்கிறான். மகளுக்கு உயர்தரப் பரீட்சை, பள்ளி விட்டால் டியூஷன். நாங்கள் இருக்கும் குண்டசாலைக்கு வரும் பஸ் யாரை எப்போது கொண்டுவந்து இறக்கும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. மனைவி மூன்று கறி, ஒரு சம்பல், சோறு என்று ஆக்கி மூடி வைப்பாள். வருகிறவர் வருகிற நேரத்தில் மூடியைத் திறந்து போட்டுத் தின்பார். கடைசியாக வருகிறவர் மூடியைத் திறந்தால் குழம்பு மட்டும் இருக்கும். நோன்பு மாதத்தில் மட்டும்தான் நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தின்பது. மற்ற மாதங்களில் ஒருவர் வைத்துவிட்டுப் போன தட்டை இன்னொருவர் பார்ப்பதோடு சரி.

இன்னொரு வேடிக்கை. எங்கள் ஆட்களில் கல்யாண வீட்டுக்கு அண்டா அண்டாவாகப் பிரியாணி ஆக்குவது முழுக்க ஆண்கள். அடுப்புப் புகையில் நின்று, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊருக்கே ஆக்கிப் போடுவார்கள். அதே ஆண் சொந்த வீட்டுக் குசினிக்குள் கால் வைத்தால், "ஆருக்குச் சுகமில்ல?" என்று அடுத்த வீட்டிலிருந்து விசாரிப்பார்கள்.

மனைவியிடம், "இன்னைக்கு ஒரு தரம் அந்த நேரத்துக்கு நிண்டு பாருங்களே," என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தார்கள். காலையில் போகும்போது, "நான் சுணங்குவேன். பாண் வாங்கி, நேத்தய பருப்பெச் சூடாக்கித் தின்னுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட் வரை போய்த் திரும்பி, "பருப்பு மேல் தட்டுல ஈக்கி," என்றாள். அந்தத் திரும்பல்தான் என்னை அசைத்தது. ஒரு நாள் சுணங்கி வீட்டுக்கு வருவதற்கே ஒருத்தி பருப்பின் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியிருந்தால், அவள் எப்படி அந்த வேலைக்குச் சரி என்று சொல்வாள்?

மகளிடம் சொன்னேன். அவள் போனைத் தட்டி ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு மனிதர், ஒரு இரும்புத் தாச்சி, தடித்த ஒரு மாட்டிறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு, போஞ்சி. சோறு கொதி வரும் நேரத்துக்குள் அவர் சாப்பிடவே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டேக் வாப்பா. ஒரே தாச்சி. கழுவுறதும் ஒண்டுதான்," என்றாள் மகள். கழுவுவது அவள் முறை.

இரும்புத் தாச்சி எங்களிடமும் உண்டு. நோன்பு மாதத்தில் கட்லட் பொரிப்பதற்கு மட்டும் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கும். அதை இறக்கித் துடைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

மத்தியானம் மார்க்கட்டில் இறைச்சிக்கடைக்குப் போனால் கூட்டம். முதல் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் இறைச்சிக்கடைகள் பூட்டு, இரண்டு நாள் ஆசையையும் சேர்த்து எல்லோரும் அன்றைக்கே வந்திருந்தார்கள். கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம், அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார். "ஸ்டேக்குக்கு நல்ல இடமாப் பாத்து ஒரு கிலோ," என்றேன்.

"கேக்கா? கேக் வேணுமெண்டா பேக்கரிக்குப் போங்க நானா."

"கேக் இல்ல, ஸ்டேக். ஒரே துண்டா வேணும். துண்டு போடாம தாங்க."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பக்கத்தில் ஒருவர் சலாம் சொன்னார், நான் திரும்பிப் பதில் சொன்னேன். மறுபடி திரும்பினால், என் அழகான ஒரே துண்டு கறிக்கு வெட்டுகிற அளவில் சின்னச் சின்னச் சதுரங்களாகிப் பலகையில் கிடக்கிறது. கத்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னத்தெ செஞ்சீங்க!"

"நீங்கதானே துண்டு போட்டுத் தர செல்லினீங்க?"

"போடாம! போடாம எண்டு செல்லினேன்!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையாகவே கவலை. "பஸ் ஹோர்ன்ல 'டாம' போயிட்டுது நானா. எனக்கு 'துண்டு போ… தாங்க' மட்டும்தான் கேட்டிச்சி. அதுவுமில்லாம, துண்டு போடாம தாங்க எண்டு இந்தக் கடையில இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்ல, கை தானா ஓடிட்டுது." பிறகு இறைச்சியைப் பையில் போட்டுக்கொண்டே என்னைத் தேற்றினார்: "ஒரே துண்டா பொரிச்சாலும் வாய்க்குள்ள முழுசாவா போகப் போகுது? அந்த வேலையெ நான் இப்பவே முடிச்சுத் தந்தீக்கேன்."

வேறு நல்ல இறைச்சி மிச்சமில்லை. அன்றைக்குக் கடையை நேரத்தோடே பூட்டிவிட்டு, துண்டுகளோடு வீட்டுக்கு வந்தேன். டியூஷன் இல்லாத நாள், மகள் வீட்டில் இருந்தாள், பையை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"வாப்பா, இது ஸ்டேக் இல்ல. இது கறி."

"கறியாகிறதுக்கு முந்தி ஸ்டேக்கா ஆக்கிடுவோம்."

கழுவினேன். வீடியோக்காரர் கழுவவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் கழுவாத இறைச்சி அடுப்பேறாது. பிறகு துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தேன். மகள் கதிரையைக் குசினி வாசலில் போட்டு உட்கார்ந்து கெமிஸ்ட்ரிக் கொப்பியை மடியில் விரித்துக்கொண்டு எனக்கு மேற்பார்வை பார்த்தாள். "ஈரம் ஈந்தா அது அவியும் வாப்பா, பொரியாது." வேலியில் படர்ந்த கொடியில் காய்த்த மிளகை இடித்து, உப்போடு பிசறி வைத்தேன்.

முதலில் உருளைக்கிழங்கு. சின்னதாக வெட்டி, கொஞ்சம் எண்ணெயில், தாச்சியோடு ஒட்டிப் பொன்னிறம் வரும்வரை கிண்டாமல் விட்டேன். கிண்டாமல் நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. பிறகு போஞ்சி, கேரட். அவற்றைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, தாச்சி புகைகிற அளவுக்குச் சூடானதும் இறைச்சியை மொத்தமாகக் கொட்டப் போனேன்.

"நில்லுங்க நில்லுங்க! குண்டசாலை பஸ்ஸுல ஏத்துற மாதிரி ஏத்தாதீங்க. எல்லாருக்கும் சீட் ஈக்கணும்."

ஆகவே சீட் கொடுத்துக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். சீ என்று சத்தம் வந்தது. ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பினேன், எடுத்தேன், அடுத்த கூட்டம். கடைசியில் எல்லாவற்றையும் திரும்பத் தாச்சிக்குள் போட்டு, ஒரு கட்டி பட்டர், நசுக்கிய பூண்டு, காரத்துக்குக் கொச்சிக்காய் இரண்டு கீறிப் போட்டு, புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்து இறக்கினேன். வாசனை வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கை வரை போயிருக்க வேண்டும். வேலையிலிருந்து வந்த மகன் கேட்டைத் திறந்தபடியே, "ஆருட ஊட்டுல இது?" என்று கேட்டான்.

மகள் ஒரு துண்டைப் பிளந்து பார்த்தாள். உள்ளே சிவப்பில்லை, மெத்தென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவிக்கு இறைச்சியில் சிவப்புத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, அது இரத்தம்தான் என்பாள், எங்கள் வீட்டில் அந்தத் தட்டு நிற்காது. நான் கேட்டபடி ஒரே துண்டாகக் கிடைத்திருந்தால் வெளியே கருகி, உள்ளே சிவந்து, அவள் தொட்டிருக்கவே மாட்டாள். 'டாம' என்ற சத்தத்தை விழுங்கிய அந்த பஸ் நல்லாயிருக்கட்டும்.

ஒழுங்கையில் பாட்டுப் போட்டுக்கொண்டு, ரொட்டி விற்கும் பாண் வண்டி வந்தது. மகன் ஓடிப்போய் ரோஸ்ட் பாண் வாங்கி வந்தான். தட்டு எடுக்கப் போனேன், மகள் மறித்தாள். "ஒரு தாச்சி எண்டா ஒரு தாச்சிதான் வாப்பா. நான் தட்டுக் கழுவ மாட்டேன். சஹன் மாதிரித் தின்னுவோம்."

சஹன் என்றால் எங்கள் கல்யாண வீடுகளில் வைக்கும் பெரிய தட்டு. சோறும் கறியும் அதில் ஒன்றாக இருக்கும், ஆட்கள் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து தின்பார்கள். அதில் ஒரு முறை இருக்கிறது: சஹனுக்கு உரிய எல்லோரும் உட்காரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. ஆகவே பாயை விரித்து, பலகை மேல் தாச்சியை வைத்து, மூடிவிட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். மகன் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். மகள் அவன் கையில் அடித்தாள். பசியோடு மூன்று பேர் ஒருத்திக்காக ஒன்றும் தொடாமல் காத்திருந்தது, நோன்பு மாதத்துக்கு வெளியே எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மனைவி வந்தாள். கைப்பையைக் கூட வைக்காமல் நேரே குசினிக்குப் போய் பிரஷர் குக்கரைத் தேடினாள். அது கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. அடுப்புத் திட்டில் எண்ணெய் தெறித்திருந்ததைப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

"ஆருக்குச் சுகமில்ல?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. கையெக் கழுவிட்டு வந்து இரிங்க."

"சோறு?"

"சோறில்ல."

"சோறில்லாம ராச்சாப்பாடா?" என்றவள், மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள். கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தாள். முதல் துண்டை எடுத்து, சட்டைத் தையலைப் பார்ப்பது போல விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிய்த்தாள். உள்ளே பார்த்தாள். தின்றாள். பாணைத் தாச்சி அடியில் ஒற்றி, ஒட்டியிருந்த பட்டரையும் மிளகையும் வழித்துத் தின்றாள்.

"இறைச்சியெ இவ்வளவு சின்னனா வெட்டினது ஆரு?"

மகள் கதையைச் சொன்னாள். பஸ் ஹோர்னையும் வாயால் அடித்துக் காட்டினாள். மனைவி சிரித்து, புரையேறி, மகன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு வேலையிடத்தில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். தையல் லைனில் ஒரு பெண்பிள்ளை அழுததையும், தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஊசியை மாற்றிக் கொடுத்ததும் தையல் நேராக ஓடியதையும் சொன்னாள். சொல்லும்போது பல நாள் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில். பிறகு திடீரென்று நின்று, அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு நாளுமா, இன்றைக்கு மட்டும் ஒரு விளையாட்டா?

பெரிதாக ஏதாவது சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவளிடம் பெரிய பேச்சு எடுபடாது, தையலில் பிடித்துவிடுவாள்.

"ஒவ்வொரு நாளும் ஸ்டேக் ஏலாது," என்றேன். "ஆனா ஒவ்வொரு நாளும் ஒரு தாச்சி ஏலும். நாளைக்கு முட்டையும் கிழங்கும். அடுத்த நாள் மீன். அதுக்குப் பொறகு எனக்குத் தெரியா, வீடியோ பாத்துச் செல்றேன். நீங்க வராம ஒருத்தரும் கை வைக்க மாட்டோம்."

"அது மட்டும் கொஞ்சம் கஷ்டம்," என்றான் மகன்.

"தாச்சியெ இவர் கழுவட்டும். அப்ப எனக்கும் சம்மதம்," என்று மகள் அவனைக் கைகாட்டினாள்.

மனைவி எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். விரலில் இருந்ததை வாய்க்குள் போட்டு மென்றாள். பிறகு, வலது கையை எடுக்காமலே, இடது கையால் பைக்குள் துழாவிப் போனை எடுத்து, பெருவிரலால் தட்டிக் காதில் வைத்து, "ஹரி மேடம், மம கரன்னம்," நான் செய்கிறேன் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே, கடைசித் துண்டுக்கு நீண்ட மகனின் கையைத் தாச்சிக்குள்ளேயே தட்டிவிட்டு, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.