இரண்டு போனும் ஒரு காதும்

கோதண்டபாணியைச் சுடுகாட்டுக்குத் தூக்கியபோது கொள்ளி வைக்கப் பெற்ற பிள்ளை இல்லை. பங்காளி மகன்தான் வைத்தான். துபாய்க் காசைக் கண்டவன் அப்பன் பிணத்துக்கு வருவானா என்று தெருவே அவன் மகன் விருத்தகிரியைத் திட்டியது. நடந்தது தெரியாதவர்களுக்கு வாய் நீளம். நான் பக்கத்து வீடு. எனக்குத் தெரியும்.

நானும் கோதண்டபாணியும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. அவன் மில்லில் இருந்தான். பெரிய உருளைக்குள் கல்லைப் போட்டுச் சுற்றவிட்டு மாவாக்குகிற மில் அது. பக்கத்தில் நின்றால் மண்டைக்குள் இடி இடிக்கும். என் புருஷனும் அங்கேதான் வேலை பார்த்தான். அந்த மாவுத் தூசியைத் தின்றே செத்தான்.

கோதண்டபாணிக்கு முதலில் காது போனது. அவன் பெண்டாட்டி பூங்கோதை சாகும்போது என்னவோ சொன்னாள். இவன் என் வாயைப் பார்த்தான்.

“என்னக்கா சொல்றா?”

“தண்ணி கேக்கறாடா.”

அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

மகன் விருத்தகிரி துபாய் போன பிறகு, மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரிடம் ஒரு போனும், காதில் மாட்டுகிற புளூடூத் ஒன்றும் கொடுத்தனுப்பினான். ஒயர் கிடையாது. காதுக்குள்ளேயே பேசியதால் கோதண்டபாணிக்குக் கேட்டது. முதல் நாள் பேசிவிட்டு என்னிடம் வந்தான்.

“இவங் கொரலு அவங்கம்மா மாதிரியே இருக்குதுக்கா. இத்தினி நாளு எனக்குத் தெரியாமப் போச்சி.”

அது பொறுக்கவில்லை முதலாளிக்கு. இவன் காதுதான் கேட்க ஆரம்பித்துவிட்டதே என்று, லாரிக்காரர்கள் கூப்பிட ஒரு கம்பெனி போனையும் இவன் தலையில் கட்டினார். போன் இரண்டு, புளூடூத் ஒன்று. அந்தச் சனியன் ஒரு நேரத்தில் ஒரு போனிடம்தான் ஒட்டும். இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டுமானால் போனை நோண்ட வேண்டும்.

“ரெண்டு பொண்டாட்டி கட்டனவன் கதிதாங்கக்கா. ஒருத்தி கிட்ட ஒக்காந்தா இன்னொருத்தி கூப்புடறது கேக்காது.”

“ஒருத்திய வச்சிப் பொழைக்கவே ஒனக்குத் துப்பு இல்ல. போடா.”

மில்லுக்குள் போனைக் கொண்டுபோனால் தூசி ஏறிச் செத்துவிடும். அதனால் மில் ஆட்கள் பால் கவரைக் கழுவிக் காயவைத்து, போனை அதற்குள் போட்டுக் கட்டி, வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அது அடித்தாலும் மில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. இவனுக்கு மட்டும் காதில் கேட்கும், எந்தப் போனோடு ஒட்டியிருக்கிறதோ அந்தப் போன் மட்டும்.

அந்த வருஷம் ஆடியில் கோதண்டபாணிக்கு இருமல் பிடித்தது. விருத்தகிரிக்கு அங்கே ஒப்பந்தம் முடியும் நேரம். போனில் கேட்டான். “இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கப்பா. இருக்கட்டுமா, வந்துடட்டுமா? வெள்ளிக்கெழம மத்தியானம் கூப்புடறேன், சொல்லு. அன்னிக்கி வுட்டா அவனுவளே கையெழுத்து வாங்கிக்குவானுவ.”

நடுவில் கடலூருக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்தான். நானும் கூடப் போனேன். என் புருஷன் படத்தில் பார்த்த அதே வெள்ளை. டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தை வரைக்கும் தாங்கினால் பெரிது என்றார். நான் மறைக்கவில்லை. பஸ்ஸிலேயே அவன் காதில் கத்திச் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பாதி வழி வரைக்கும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தான். அப்புறம், “அவன வரச் சொல்லிடறேங்கக்கா. பக்கத்துல இருக்கட்டும்” என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் சூளைக்கு எண்ணெய் லாரி வருவதாக இருந்தது. டிரைவர் வழி கேட்பான் என்று முதலாளி புளூடூத்தைக் கம்பெனி போனில் போடச் சொன்னார். போட்டான். டிரைவரும் கேட்டான், லாரியும் வந்து சேர்ந்தது. பிறகு மகன் போனுக்கு மாற்ற வேண்டுமே, என்ன செய்தான் தெரியுமா? புளூடூத்தை அணைத்து மறுபடி போட்டான். தினமும் காலையில் போட்டதும் அது மகன் போனிடம்தான் போய் ஒட்டும். இன்றைக்கும் அங்கேதான் போகும் என்று நினைத்துவிட்டான். அதுவோ கடைசியாக எவனிடம் இருந்ததோ அவனிடமே போகிற ஜாதி. நீல விளக்கு எரிந்தது. இரண்டு போனையும் கவரில் கட்டி மாட்டிவிட்டு உள்ளே போனான்.

மத்தியானம் முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டே மில்லடியில் நின்றான். டீக்கு வெளியே வந்து கவரைப் பிரித்தான். மகன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது போனில் தெரிந்தது. திருப்பிக் கூப்பிட்டால் எவனோ இந்தியில் பேசினான். விருத்தகிரிக்குச் சொந்தப் போன் கிடையாது, கூட இருப்பவர்களிடம் வாங்கித்தான் பேசுவான். கோதண்டபாணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பால் கவரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் சாயங்காலம் மகனே கூப்பிட்டான். நான் தோசை கொண்டுபோயிருந்தேன். போன் பாயில் கிடந்தது, புளூடூத் அவன் காதில்.

“கையெழுத்து போட்டுட்டியா... பாஸ்போட்ட வாங்கிட்டானுவளா... செரி. நல்லதுதான்டா. நானும் இருன்னுதான் சொல்ல இருந்தேன். வேலையில இருந்துட்டேன், எடுக்க முடியல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயில் கிடந்த போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலை ஒட்டின தெருக் குழாய் வரைக்கும் போய்விட்டேன்.

“டேய் விருத்தகிரி. உங்கப்பன் பொய் சொல்றான்டா. நெஞ்சு பூரா மாவு. தை வரைக்கும் தாங்க மாட்டான். எவன் காலுல வுழுந்தாச்சும் வந்து சேருடா.”

தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். போனில் பதிலே இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரும்பி வந்தேன். உள்ளே அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

“...பொங்கலுக்குச் சட்ட எடுத்துக்கறேன். நீ வெயில்ல பாத்து நில்லு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்பது மட்டுமில்லை, பேசுகிற வாயும் அந்தக் காது மாட்டியில்தான் இருக்கிறது. நான் வெறும் டப்பாவிடம் கத்திவிட்டு வந்திருக்கிறேன். அவன் காதுக்குக் கையை நீட்டினேன். தலையைச் சாய்த்துக்கொண்டு, “அக்கா சாப்புடக் கூப்புடறாங்கடா, வச்சிடறேன்” என்று பொத்தானை அமுக்கினான்.

“ஏன்டா மறைக்கிற?” என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன்.

“பாஸ்போட்டு அவன் கையில இல்லக்கா. சொன்னா வரவா முடியும்? கட்டடச் சாரத்து மேல நின்னு வேல செய்யறவன். அழுதுகிட்டே காலு தவறிட்டான்னா?”

பிடுங்கிய போனைப் பாயிலேயே போட்டேன்.

“கட் பண்ணிட்டேன். இப்பக் கத்துங்கக்கா” என்றான்.

கத்தி என்ன செய்ய. தோசையைப் பிட்டு வைத்தேன். இரண்டு வாய் தின்றான்.