கதவில்லாத பெட்டியில் தட்டுகிறவர்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் பழைய ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கிறோம். கதவும் சன்னலும் கழற்றப்பட்டு வெறும் கூடாக நிற்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து நான் இருக்கைகளுக்குத் தோலுறை மாட்டுவேன். அவற்றைத் தரையில் திருகிப் பொருத்துவது யூர்கனின் வேலை. அவர் வாசலில் நின்று இரும்புச் சட்டத்தை இரண்டு முறை தட்டுவார். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை உள்ளே கால் வைக்கமாட்டார். தட்டுவதற்குக் கதவே இல்லை. இருந்தும் தினமும் தட்டுவார். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இங்கே வருமுன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்த்தவன் நான். உண்ணி கடித்த வடு, முள்வேலி கிழித்த கோடு எல்லாம் விரல் பட்டாலே தெரிந்துவிடும். மனிதர்களை அப்படித் தடவிப் பார்க்க முடிவதில்லை. யூர்கன் என்னைவிடச் சற்று மூத்தவர், தனி ஆள். பகலில் தன் ரொட்டியோடு என் பெட்டிக்கு வந்து, தட்டிவிட்டு, எதிர் இருக்கையில் அமர்ந்து பேசாமல் சாப்பிடுவார். நானும் பேசாமல் சாப்பிடுவேன். என் ஜெர்மன் அவ்வளவுதான். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த துணை அந்த அரைமணி நேரம் மட்டுமே.

வசந்தத்தில் ஒரு வாரம் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். ஆம்பூரில் எனக்கு மஞ்சள்காமாலை கண்டபோது, ஷிப்ட் முடிந்த கையோடு கட்டிங் செக்‌ஷனே சாத்துக்குடியும் பன்னுமாக வீட்டுக்கு வந்துவிட்டது. சலீம் பாய் என் கட்டிலிலேயே உட்கார்ந்து, "இன்னா சார், மூஞ்சி நல்லாத்தான கீது? லீவு போட இது ஒரு சாக்கா?" என்றார்.

"கண்ணப் பாரு பாய், மஞ்சளா கீது" என்றார் கூட வந்தவர்.

"அது வூட்ல கொழம்புக்கு மஞ்சத்தூள் ஜாஸ்தி."

தூங்க விடமாட்டார்களா என்று அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் வராமல் இருந்திருந்தால் அதற்குப் பெயர் பகை.

அந்த நினைப்பில்தான் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போய் யூர்கன் வீட்டு மணியை அடித்தேன். சங்கிலி மாட்டிய கதவு கையகலம் திறந்தது. சவரம் செய்யாத முகம், பின்னால் இருட்டு. "பட்டறையில் ஏதாவது விபத்தா?" என்று பதறினார். சும்மா பார்க்க வந்தேன், எங்கள் ஊரில் அழைக்காமலே வருவோம் என்றேன். "டெர்மின் இல்லாமலா?" என்றார். டெர்மின் என்றால் முன்பே குறித்து வாங்கிய நேரம். இங்கே முடி வெட்டிக்கொள்ளவும் அது வேண்டும். சங்கிலி கழலவில்லை. பை இடுக்கில் நுழையாததால் பழங்களை ஒவ்வொன்றாக உள்ளே நீட்டினேன். அவரும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்.

ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். போனில் என் மனைவி சிரிக்கவில்லை. "சொல்லாம கொள்ளாம போய் நின்னா அந்த மனுஷன் பேஜாராவாம இன்னா பண்ணுவாரு? இங்க வந்தவங்களுக்கு டீ போட்டே என் கை ஓஞ்சிபோச்சி. அப்பல்லாம் சலிச்சிக்கினது யாரு?" என்றாள்.

வேலைக்குத் திரும்பிய யூர்கன் வழக்கம்போலத் தட்டினார், நன்றி சொன்னார், இருக்கைகளைப் பொருத்தினார். சாப்பாட்டுக்கு மட்டும் உணவறைக்குப் போய்விட்டார். கோடை முழுவதும் எதிரே இருந்த வெற்று இருக்கையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். அது நான் உறை மாட்டியதுதான். தையலில் ஒரு குறையும் இல்லை.

இலைகள் உதிரத் தொடங்கியபோது இடுப்புப் பிடிப்பு வந்து நான் படுத்துவிட்டேன். படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தேன். எல்லாம் மேல்மாடிக்கே ஏறிப் போயின. வியாழக்கிழமை யூர்கனிடமிருந்து செல்பேசியில் ஒரு செய்தி வந்தது: "சனிக்கிழமை மூன்று மணிக்கு, உங்கள் ஊர் வழக்கப்படி, அழைக்காமல் வரலாமா?"

வரலாம் என்று பதில் எழுதினேன்.

சனிக்கிழமை டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன். சாலைக்கு எதிர்ப்புறம், தூறலில், கையில் ஒரு பையுடன் யூர்கன் நின்றிருந்தார். சீக்கிரமே வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்ப்பதும் என் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆம்பூராக இருந்தால், "ஏறி வாங்க, மழையில இன்னா நிக்கிறீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூவியிருப்பேன். சன்னல் கொக்கியில் கை வைத்தேன். மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. திறக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. கீழே அவரும் மேலே நானுமாக, மூன்று மணிக்குக் காத்திருந்தோம்.