டிரைவர் பேசும் சேனல்கள்

நர்சம்மாவின் வலது கையில் சவரக்கத்தி. இடது கையின் இரண்டு விரல்கள் கணவரின் கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்திருந்தன. தொங்கிப்போன வலது கன்னத்தை அப்படி இழுத்துப் பிடிக்காவிட்டால் தோல் மடிந்து வெட்டு விழும். ஒரு இழுப்பு, வெந்நீரில் ஒரு அலசல், மறுபடி ஒரு இழுப்பு. பாதி முகம் முடிந்த நேரத்தில், கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியில் செய்தி போய்விட்டது. ஒரு பெண் வாணலியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதுங்க. இன்னும் பாதி இருக்கு. நுரையோடயா சாப்பிடப் போறீங்க?"

படம் மறுபடி மாறியது. இப்போது மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி, சரி. நான் வாயத் தொறக்கல," என்று சொல்லிவிட்டு அவள் மீதிப் பாதியை வழித்தாள்.

அவள் நர்ஸ் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டில் முப்பத்தோரு வருடம் ஆயாவாக இருந்தவள். படுக்கை மாற்றுவது, புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது, அழுகிற சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவது எல்லாம் அவள் வேலை. தெருவில் எல்லோரும் நர்சம்மா என்றார்கள். முதல் பத்து வருடம் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கணவர் பஸ் டிரைவர். வண்டியில் வாயைத் திறக்காமல் ஓட்டுவார், வீட்டுக்கு வந்ததும் அன்றைய கதையை ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லுவார். யார் ஏறினார்கள், யார் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள், எந்தச் சிக்னலில் எவன் குறுக்கே வந்தான். அவள் துணி மடித்துக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்பாள். உட்கார்ந்து கேட்டதாக ஞாபகம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் அது எடுத்துக்கொண்டு போனது. மிச்சம் வைத்த ஒரே சொல் "அதான்". பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், மகள் போன் செய்தாலும் அதான். பேச்சுப் பயிற்சிக்கு வந்தவர் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தார். தட்டு, டம்ளர், கட்டில். டிரைவர் ஒரே நாளில் அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பால்வாடிப் பிள்ளைபோல நடத்துகிறார்கள் என்ற கோபம்.

பேச்சு போனாலும் இடது கட்டைவிரலுக்கு டிவி ரிமோட்டின் நம்பர் மறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ரூட் நம்பரோடு இருந்த மனிதர். ஒருநாள் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் சமையல் சேனலே ஓடியது. மூன்றாவது தடவைதான் நர்சம்மாவுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வானிலை வந்தால் ஜன்னலைத் திற. பந்து விளையாட்டு வந்தால் கால் வலிக்கிறது, பிடித்துவிடு. நாள் முழுக்கச் சாமான் விற்கிற சேனல் வந்தால் மகள் எப்போது வருவாள். கடலையும் அருவியையும் காட்டுகிற சேனல் வந்தால், அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டுச் சிறுநீர்ப் பாத்திரத்தோடு ஓடி வர வேண்டும். சமையலறையிலிருந்தபடி சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும். மொத்தம் ஒன்பது சேனல். ஒரு குடும்பம் நடத்த அது போதுமானதாக இருந்தது.

ஒரே தொல்லை மழை. நாலு தூறல் விழுந்தால் மொட்டைமாடியில் இருந்த டிஷ்ஷுக்குச் சிக்னல் போய்விடும். அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் அவள் மாடியில் துணி எடுக்கப் போனாள். கீழே டிவி கறுத்துக் கிடந்தது. டிரைவர் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். அவள் இறங்கி வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் விரிப்பை மாற்றினாள், துடைத்தாள், பவுடர் போட்டாள். வார்டில் ஆயிரம் தடவை செய்த வேலைதான். ஆனால் அங்கே யாரும் அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டாள். ஃபைபருக்கு மாறச் சொல்லி மகள் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். மழையோ காற்றோ அதை ஒன்றும் செய்யாது என்றாள். அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டார். கம்பத்திலிருந்து நூல் மாதிரி ஒரு வயரை இழுத்து, ஜன்னல் ஓரம் ஓட்டை போட்டு, பச்சை விளக்கு மினுக்குகிற பெட்டி ஒன்றை மாட்டினார். கண்ணாடி மாதிரி படம் வந்தது. நர்சம்மாவுக்கு வேண்டாத சாமான் வீட்டில் ஒரு நாள் இருந்தாலும் உறுத்தும். டிஷ்ஷையும் பழைய பெட்டியையும் அப்போதே தெருவில் போன பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஃபைபர்காரர் புது ரிமோட்டை டிரைவர் கையில் வைத்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். "நம்பர்லாம் ஞாபகம் வச்சுக்கவே வேணாம் சார். இந்தப் பட்டன அமுக்கிட்டு வாயால சொன்னாப் போதும், வந்துடும்."

டிரைவர் அவரையும் பார்த்தார், ரிமோட்டையும் பார்த்தார். பிறகு சமையலுக்கான பழைய எண்ணை அழுத்தினார். புரியாத மொழியில் யாரோ குதிரைப் பந்தய வர்ணனை சொன்னார்கள். கடலுக்கான எண்ணை அழுத்தினார். ஒரு பொம்மைப் படம் வந்தது. ஒன்பதையும் அழுத்திப் பார்த்துவிட்டு, ரிமோட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அதை அவர் தொடவில்லை. நர்சம்மா பழையபடி வார்டு கணக்குக்குப் போனாள். மணி பார்த்துச் சோறு, மணி பார்த்துப் பாத்திரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டல். ஒன்றும் குறையில்லை. ஆனால் வீட்டில் இருந்தது நோயாளிதான், டிரைவர் இல்லை.

மூன்றாம் நாள் ஃபைபர்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து விஷயத்தைக் கேட்டார். சேனல் எண்ணெல்லாம் கம்பெனி வைப்பது, தன்னால் மாற்ற முடியாது என்றார். வாயால் சொல்லச் சொன்னதற்கு டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டார். படத்தின் மேல் மூலையில் சேனல் எண் எப்போதும் தெரிகிற மாதிரி செய்துவிட்டுப் போனார்.

நர்சம்மா ரிமோட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றாள். மதியம் முழுக்க ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சமையல் கிடைத்தது, வானிலை கிடைத்தது, கடைசியில் அருவியும் கிடைத்தது. புண்ணுக்கு ஒட்டுகிற அகலமான வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு முழம் கிழித்து, ஒன்பது எண்ணையும், பக்கத்தில் எது எதற்கு என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதி, கட்டிலின் இடது கம்பியில் ஒட்டினாள். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே வேறு ஒன்றும் வந்தது. நோயாளி பக்கத்திலிருந்து ஒரு டம்ளரை நகர்த்துவதாக இருந்தாலும் அவரிடம் கேட்டுவிட்டு நகர்த்து என்று முப்பத்தோரு வருடம் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

"தப்பு என்மேலதாங்க," என்றாள். "படம் போகக்கூடாதுன்னு மட்டும்தான் நெனச்சேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல. பழசையாவது வச்சிருக்கணும், அதையும் தூக்கிக் குடுத்துட்டேன்."

சுவர்ப்பக்கம் இருந்த முகம் அசையவில்லை.

அவள் பட்டியலைப் பார்த்து ஒரு எண்ணை அழுத்தினாள். மேசையைச் சுற்றி ஆறு பேர் சண்டைக்கு வந்தார்கள். ரிமோட்டை அவர் இடது கையில் வைத்தாள். "திட்டணும்னா திட்டிடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

டிரைவர் மெதுவாகத் திரும்பினார். அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். ஆறு பேர் கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நர்சம்மா சொல்லி அனுப்பினாள். விளம்பரம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். விளம்பரம் வந்ததும் அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"அதான்," என்றார். நல்லபடியாக இருந்த பாதி வாய் கொஞ்சம் மேலே போயிருந்தது.

பிறகு தலையைச் சாய்த்துக் கம்பியில் இருந்த பிளாஸ்திரியைப் படிக்க ஆரம்பித்தார். படுக்கப் போகும் முன் ஐந்து எண் கைக்கு வந்துவிட்டது. அருவி இரண்டு முறை தவறியது. அவள் இரண்டு முறையும் பாத்திரத்தோடு தயாராகத்தான் நின்றாள்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் இருந்தபோது கூடத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பட்டியலில் இல்லாத ஒரு சேனல். ஒரு சின்ன மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார்கள். இருவருமே ஆடாமல் அசையாமல் காயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னங்க? பசியா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"பாத்திரமா? காலா? மக நாளைக்குத்தான் வருவா."

எதுவும் இல்லை. டிரைவர் இடது கையை நீட்டி, கட்டில் ஓரம் துணி குவிந்திருந்த நாற்காலியைத் தட்டினார்.

நர்சம்மா துணியைக் கட்டிலின் கால்மாட்டில் தள்ளினாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சதுரங்கம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இரண்டு பேரும் நாலு காய் நகர்த்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்து, பிளாஸ்திரியில் பத்தாவதாக எழுதினாள். பக்கத்தில், உட்கார் என்று போட்டாள்.