மாரம்மா மெஸ்ஸுக்கு வந்த பேனா போன்

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகிற சாலையில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் மாரம்மா மெஸ் நடத்துகிறாள். பெயர்ப்பலகை கிடையாது. கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்களுக்கு அவளுடைய குரலே அடையாளமாக இருந்தது. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்கும்.

"டேய், சாப்ட்ட தட்ட எவன்டா எடுப்பான், உங்கொப்பனா?" என்று ஒருவனைத் தமிழில் பிடித்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் மாலூர்க்காரனைக் கன்னடத்தில் அதட்டி, வாசலில் நிற்கும் காய் வண்டிக்காரனிடம் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு உள்ளே வருவாள். மூச்சு வாங்காது.

அவளுடைய அப்பனும் அம்மாவும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒருவருடைய நிலத்தில் கூலிக்கு இருந்தவர்கள். நிலத்துக்காரர் வீட்டு முன்னால் சத்தம் எழக்கூடாது என்பதால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் வாய்க்குள்ளேயே பேசித்தான் பழக்கம். கல்யாணமாகி வந்தபோது மாரம்மாவும் அப்படித்தான் பேசினாள். ஓசூருக்குக் குடிவந்து, சொந்தமாக அடுப்பு மூட்டி, நாலு பேருக்குச் சோறு போட ஆரம்பித்த பிறகுதான் இந்தக் குரல் வந்தது என்று அவள் புருஷன் மாதப்பன் சொல்வான். மாதப்பன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவனுக்கு அந்தக் குரல் பிடிக்கும்.

அந்தக் குரல் போய்விட்டது. முதலில் கரகரப்பு என்றார்கள், பிறகு கட்டி என்றார்கள், பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்துக்குக் கீழே மூச்சு விட ஒரு துளை. அதன் மேல் மெல்லிசான வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, காயம் ஆறியதும் மெஸ்ஸை மறுபடியும் திறந்தாள். உதடு அசையும், சத்தம் வராது.

முதலில் எல்லோரும் திணறினார்கள். மருமகள் சுசித்ராதான் முதலில் பிடித்துக்கொண்டாள். ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண், அதிர்ந்து பேசாதவள். மாமியாரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்று, "அத்த ரசம் வேணுமான்னு கேக்கறாங்க" என்று மெதுவாகச் சொல்வாள். போகப் போகச் சாப்பிட வருகிறவர்களும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மாரம்மாவின் முகத்தைப் பார்க்கப் பழகினார்கள். தப்பாகப் புரிந்துகொண்டால் கரண்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். மறுபடி பார்ப்பார்கள். காலம் இப்படி ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடியது என்றில்லை, ஆனாலும் ஓடியது.

அப்போதுதான் மகன் தமிழரசன் அந்தப் போனை வாங்கிக்கொண்டு வந்தான். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் அவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அம்மாவை உட்காரவைத்து அட்டைப்பெட்டியைத் திறந்தான்.

"இதுல எழுதும்மா. எழுதினா அதுவே பேசும். இனிமே உனக்குக் கொறையே இல்ல."

மாரம்மா கையில் வாங்கினாள். கனத்தது. ஒரு கைக்கு அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தால் எழுதுவதற்குக் கை இல்லை. இடுப்பில் செருகிப் பார்த்தாள், நழுவி விழப் பார்த்தது. கண்ணாடியில் அவளுடைய முகமே கறுப்பாகத் தெரிந்தது, கழுத்துத் துணியோடு. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

தமிழரசன் போனின் அடியில் ஒரு மூலையை அமுக்கினான். டக்கென்று ஒரு பேனா வெளியே வந்தது. துடைப்பக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கரண்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குள் அது நிற்கவில்லை. கண்ணாடியில் வைத்தால் சறுக்கியது. எழுதும்போது உள்ளங்கை பட்டுவிட்டால் பக்கமே எங்கோ ஓடிப்போயிற்று. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

"மெதுவா, மெதுவா. பழகிடும்" என்றான் தமிழரசன்.

அவள் 'எனுக்கு இது வோணா' என்று எழுதினாள். கண்ணாடிக்குள் எழுத்துகள் நெளிந்து, தாமாகவே நேராகி, 'எனக்கு இது வேண்டாம்' என்று மாறின. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், டிவியில் செய்தி வாசிக்கிறவளைப்போல, நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "எனக்கு. இது. வேண்டாம்."

தமிழரசன் கைதட்டிச் சிரித்தான். "பாத்தியா! எவ்ளோ தெளிவாச் சொல்லுது!"

சொன்னது என்ன என்பதை அவன் கவனிக்கவில்லை. மாரம்மா கவனித்தாள். மகன் ஆசையாக வாங்கிவந்தது என்பதால் திருப்பிக் கொடுக்கவில்லை. கன்னடத்தில் ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தாள். அந்தப் பெண் வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டவள்போல் உளறினாள். ஒரு வசவை எழுதினாள். அதையும் அவள் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து மெஸ்ஸில் போன் பேசியது. பையன்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அஜித்குமார் என்று ஒருவன், லேத் ஆப்பரேட்டர், பல வருஷமாக அங்கே சாப்பிடுகிறவன். "யக்கா, முன்ன நீ கத்தினா காது அடச்சிக்கும். இப்பத்தான் கேக்க நல்லாக் கீது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

இன்னொரு நாள், அவள் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் ஒருவன் பேனாவை எடுத்து, இன்றைக்குச் சாப்பாடு இலவசம் என்று எழுதிவிட்டான். அந்தப் பெண்குரல் மெஸ் முழுக்கக் கேட்க அதை அறிவித்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாரம்மா ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். அந்தக் குரல் யாருக்கு வேண்டுமானாலும் பேசும், அதைப்போய் இவர்கள் தன் குரல் என்கிறார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் அவளால் பொறுக்கவே முடியாமல் போனது வேறு ஒன்று. யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவன் கண்ணைத் தாழ்த்திக் கண்ணாடியைப் பார்த்துக் காத்திருப்பான். மாதப்பன்கூட அப்படி ஆகிவிட்டான். சுசித்ராவும் ஒரு நாள், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு, "அத்த, அதுல எழுதுங்க, எனுக்குக் கையில வேல கீது" என்றாள். மாரம்மா எழுதவில்லை. அன்று முழுக்க யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் வெங்கட் வந்தான். வீட்டுக்காரரின் மகன். அவனுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு வாடகை விஷயங்களை அவன்தான் பார்க்கிறான். காலைப் பந்தி முடிந்து, சுசித்ரா பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாரம்மா மட்டும் முன்னால் இருந்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தான். "கீழ போர்ஷன இடிச்சி ஆறு ரூமா போடலாம்னு இருக்கோம். வடக்க இருந்து வர்ற பசங்களுக்கு வாடகைக்கு விடலாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா..."

சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த போனைக் குனிந்து பார்த்தான். அவள் கண்ணில் என்ன இருந்தது என்று அவன் பார்க்கவே இல்லை.

மாரம்மா போனை இழுத்துக்கொண்டாள். பேனாவை உருவி, 'போவ மாட்டம்' என்று கிறுக்கினாள். கண்ணாடி ஒரு கணம் யோசித்தது. எழுத்துகள் நெளிந்தன, கூடின, ஒரே சொல்லாகின. இனிமையான குரல் சொன்னது: "போகட்டும்."

வெங்கட்டின் முகம் மலர்ந்தது. "ரொம்பத் தேங்க்ஸ்க்கா! நீங்க தகராறு பண்ணுவீங்கன்னு வீட்ல பயந்துட்டே இருந்தாங்க. நான் சொன்னன், அக்கா முன்ன மாதிரி இல்லன்னு."

வண்டியை எடுக்க வெளியே போய்விட்டான்.

அவள் போனை மேசையில் போட்டுவிட்டு, கையில் அகப்பட்ட எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வெங்கட் பைக்கைக் கிளப்பியிருந்தான். அவள் முன்னால் போய் நின்று சாவியைத் திருகிப் பிடுங்கினாள். தட்டில் ஓங்கி ஓங்கி அடித்தாள். எதிர்வரிசை டீக்கடையிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, என்ன? உள்ள போயி எழுதிக் காட்டுங்க" என்றான் வெங்கட்.

அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் தாடையைப் பிடித்துத் தன் முகத்தை நோக்கித் திருப்பினாள். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கழுத்துத் துணி மூச்சில் ஏறி இறங்கியது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுச் சோப்புக் கையோடு ஓடிவந்த சுசித்ரா மாமியாரின் பக்கத்தில் நின்றாள். உதட்டைப் பார்த்தாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள்.

"போவ மாட்டம்னு சொல்றாங்க. அந்தப் போனு மாத்திச் சொல்லிடுச்சாம்."

மாரம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். இப்படியா நான் சொன்னேன் என்று கேட்கிற பார்வை. சுசித்ராவுக்கு அது புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"போவ மாட்டம்! உங்கப்பா எங்களுக்கு என்ன வாக்குக் குடுத்தாரு? அடுத்த சித்திர வரைக்கும் இருங்கன்னு சொன்னாரா இல்லியா? அவுரு வாய் தொறக்க முடியாமப் படுத்துட்டாரு, நானும் வாய் இல்லாம நிக்கறன்னு தைரியமாடா உனுக்கு? போயி அவுரு மொகத்தப் பாத்துக் கேட்டுட்டு வா!"

'டா' என்றதும் அவளே திடுக்கிட்டாள். அதுவும் மாரம்மா சொன்னதுதான். டீக்கடைக்காரர், "சொன்னாரு, எங்கிட்டயும் சொல்லியிருக்காரு" என்றார். வெங்கட் சாவியை வாங்கிக்கொண்டு, கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். சாயங்காலம் போன் பண்ணி, சித்திரை வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று மாதப்பனிடம் சொல்லிவிட்டான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

தமிழரசன் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டான். போனை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தான். "நீ அவசரத்துல சேத்து எழுதியிருப்பம்மா. அது மெஷினுதான, என்னா பண்ணும்?" என்றான்.

மாரம்மா சுசித்ராவைக் கூப்பிட்டுத் தன் எதிரில் உட்காரவைத்தாள். பேசத் தொடங்கினாள். சுசித்ரா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆஸ்பத்திரியில அனுப்பறப்ப, பேச்சுப் பழக்கற அந்த டீச்சரம்மா என்னா சொன்னாங்க? காத்த முழுங்கி, ஏப்பம் மாதிரி வெளிய உட்டுப் பேசப் பழகலாம்னு சொன்னாங்க. வாராவாரம் கூட்டிட்டு வாங்கன்னாங்க. நீ லீவு கெடைக்காதுன்னு சொன்ன. சரின்னு இருந்தன். அதுக்குப் பதிலாத்தான் இத..."

சுசித்ரா நிறுத்திவிட்டாள். மாரம்மா மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு முடித்தாள்.

"இத வாங்கிக் குடுத்து என் வாய அடச்சிட்ட."

தமிழரசனுக்கு முகம் கறுத்துவிட்டது. "உனக்குன்னு ஆசையா வாங்கினன் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மாதப்பன் அவன் பின்னால் போக எழுந்தான். மாரம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சுசித்ரா, மாமியாரின் உதட்டைப் பார்க்காமலே, தானாக ஒன்று சொன்னாள். "நான் கூட்டிட்டுப் போறன் அத்த."

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் மெஸ்ஸுக்கு லீவு. மாமியாரும் மருமகளும் ஓசூரில் பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டி அந்தப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். காற்றை விழுங்குவது சுலபமாக இல்லை. வயிறு உப்பிக்கொண்டது. முதல் மாதங்களில் வெறும் ஏப்பம்தான். வீட்டில் பழகும்போது பேத்தி யுவஸ்ரீ சிரித்துவிட்டு அடியும் வாங்கினாள். இரண்டு முறை மாரம்மாவே போதும் என்று விட்டுவிட்டாள். இரண்டு முறையும் சுசித்ரா விடவில்லை.

இப்போது மூன்று நான்கு சொற்கள் சேர்ந்தாற்போல வருகின்றன. கரடுமுரடான குரல். ஆணா பெண்ணா என்று தெரியாது. முதல் தடவை கேட்கிறவர்கள் திடுக்கிட்டுத்தான் பார்ப்பார்கள். பழைய குரலில் கால்வாசிகூட இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி அவளுக்கு எந்த ஆறுதலும் கிடையாது. சித்திரையில் மெஸ்ஸை அடுத்த தெருவுக்கு மாற்றினார்கள். அஜித்குமார் ஆள் சேர்த்து வந்து அண்டா குண்டாக்களைத் தூக்கிக்கொடுத்தான்.

தமிழரசன் கொஞ்ச நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தான். பிறகு பேசினான். போனை அவனே வைத்துக்கொண்டிருக்கிறான். ஷிப்ட் அட்டவணை போட அந்தப் பேனா வசதியாக இருக்கிறதாம். ஒருநாள் சாப்பிடும்போது அதைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மாரம்மா வந்து அதை எடுத்து அரிசி மூட்டைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, "சாப்டு" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.